ஐக்கிய அமெரிக்காவில் சரக்குத் திருட்டுக்கு எதிரான மாநிலச் சட்டங்கள்

சரக்குத் திருட்டுக்கு எதிரான மாநிலச் சட்டங்கள் என்பவை, வணிகப் போக்குவரத்தில் உள்ள சரக்கையும் அதை ஏற்றிச் செல்லும் வண்டியையும் திருடுவதைத் தனிக் குற்றமாகவோ கூடுதல் தண்டனைக்குரிய திருட்டாகவோ வகைப்படுத்தி ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் இயற்றியுள்ள சட்டங்கள் ஆகும். புளோரிடா, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களின் சட்டங்கள் இவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். அந்நாட்டில் திருட்டு, கொள்ளை போன்ற குற்றங்களுக்கான சட்டங்களைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலச் சட்டமன்றங்களே இயற்றுகின்றன. ஆகவே ஒரே செயலுக்கு ஒரு மாநிலத்தில் 2 ஆண்டுச் சிறையும் மற்றொரு மாநிலத்தில் 15 ஆண்டுச் சிறையும் உச்சத் தண்டனையாக இருக்கக்கூடும். சரக்கோ மாநில எல்லைகளைக் கடந்து ஓடிக்கொண்டே இருப்பது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் இச்சட்டங்கள் பிறந்தன.

சரக்குத் திருட்டு என்றால் என்ன?

அனுப்புநரின் கிடங்கில் ஏற்றப்பட்டது முதல் பெறுநரின் கிடங்கில் இறக்கப்படும் வரை, வணிகப் போக்குவரத்தில் உள்ள பொருளைத் திருடுவது சரக்குத் திருட்டு எனப்படும். பொருள் லாரியில் இருக்கலாம், தொடர்வண்டிப் பெட்டியில் இருக்கலாம், துறைமுகத்தில் அடுக்கி வைக்கப்பட்ட கொள்கலனில் இருக்கலாம். கடைக்கு வந்து சேர்ந்த பிறகு அலமாரியிலிருந்து திருடப்படும் பொருள் இவ்வகையில் சேராது.

நடைமுறையில் இது மூன்று வகையாக நடக்கிறது. முதலாவது, சரக்கு ஏற்றிய டிரெய்லரை அப்படியே இழுத்துச் செல்வது. இரண்டாவது, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் முத்திரையை உடைத்துச் சில பெட்டிகளை மட்டும் எடுப்பது. மூன்றாவது, போலி ஆவணங்களைக் காட்டிச் சரக்கை முறைப்படி பெறுவது போல் ஏற்றிக்கொண்டு மறைந்துவிடுவது. முதல் இரண்டும் பழைய முறைகள். மூன்றாவது முறை அண்மை ஆண்டுகளில் வேகமாகப் பெருகியுள்ளது.

திருடர்கள் நாடுவது விலையுயர்ந்த மின்னணுப் பொருள்களை மட்டும் அல்ல. உணவுப் பொருள்களும் பானங்களும் அடிக்கடி திருடப்படுகின்றன. தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரிசை எண் உண்டு; பாதாம் பருப்புக்கோ இறைச்சிக்கோ அது கிடையாது. சில நாள்களில் விற்று, உண்டு தீர்க்கப்பட்டுவிடுவதால் சான்றும் அத்துடன் மறைந்துவிடுகிறது.

பொதுத் திருட்டுச் சட்டம் ஏன் போதவில்லை?

பொதுத் திருட்டுச் சட்டங்கள் ஓர் இடம், ஓர் உரிமையாளர், ஒரு பொருள் என்ற எளிய நிலையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. சரக்குத் திருட்டில் இம்மூன்றும் குழம்பிவிடுகின்றன.

ஒரு கற்பனை நிகழ்வைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் ஒரு கொள்கலன் ஏற்றப்படுகிறது. அரிசோனாவில் ஓட்டுநர் ஓய்வுக்காக வண்டியை நிறுத்துகிறார். அங்கே டிரெய்லர் காணாமல் போகிறது. சில நாள்களில் சரக்கின் ஒரு பகுதி டெக்சாஸில் ஒரு கிடங்கில் கிடைக்கிறது. பொருளின் உரிமையாளர் வேறொரு மாநிலத்தில் இருக்கிறார். அவர் திருட்டைப் பார்க்கவில்லை. வண்டி ஒரு நிறுவனத்துக்கும் டிரெய்லர் இன்னொரு நிறுவனத்துக்கும் சொந்தம். அரிசோனாக் காவலர்களுக்கு அது காணாமல் போன ஒரு வண்டி. டெக்சாஸ் காவலர்களுக்கு அது யாருடையது என்று தெரியாத சில பெட்டிகள். கிடங்கில் இருந்தவரோ, தாம் விலைக்கு வாங்கியதாகக் கூறுவார்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமல் இருக்கவும் முடியாது. சரக்கு வண்டி ஓட்டுநர் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்றும், மீண்டும் ஓட்டத் தொடங்கும் முன் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்றும் கூட்டரசு விதி உள்ளது. சாலைப் பாதுகாப்புக்கு இன்றியமையாத இந்த விதியால், ஒவ்வொரு நாளும் ஏராளமான வண்டிகள் சாலையோரத் தங்குமிடங்களில் நிற்கின்றன. விடுமுறை நாள்களில் கிடங்குகள் மூடியிருப்பதால் சரக்கு ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்கிறது. திருட்டு தெரியவரவும் அதே அளவு தாமதமாகிறது.

இன்னொரு குறை தண்டனையில் இருந்தது. கத்தியோ துப்பாக்கியோ இன்றி ஒரு முழு டிரெய்லரை இழுத்துச் செல்பவர், சட்டத்தின் பார்வையில் வன்முறையற்ற சொத்துக் குற்றம் செய்தவர். ஆகவே ஈட்டுவது பெரிது, இழக்க நேர்வது சிறிது என்ற கணக்கு திருட்டுக் கும்பல்களுக்குச் சாதகமாக இருந்தது.

கூட்டரசுச் சட்டமும் அதன் எல்லையும்

மாநிலங்களுக்கு இடையே செல்லும் சரக்கைத் திருடுவது 1913 முதலே கூட்டரசுக் குற்றமாகவும் உள்ளது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம் இன்று அந்நாட்டுச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 659-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. திருடப்பட்ட பொருளின் மதிப்பு 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் 3 ஆண்டுகள் வரையிலும், அதற்கு மேற்பட்டால் 10 ஆண்டுகள் வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கலாம். சரக்கு எங்கிருந்து எங்கே சென்றது என்பதற்கு, மறுப்புச் சான்று வராத வரையில், சரக்குடன் செல்லும் வழிச்சீட்டே போதிய சான்று என்றும் இப்பிரிவு கூறுகிறது.

இப்பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. ஒரே செயலுக்காக ஒரு மாநிலச் சட்டத்தின்கீழ் ஒருவர் தண்டிக்கப்பட்டாலும், வழக்கின் தகுதி அடிப்படையில் விடுவிக்கப்பட்டாலும், அதே செயலுக்காக இப்பிரிவின்கீழ் அவர்மீது மீண்டும் வழக்குத் தொடர முடியாது. மாநிலச் சட்டங்களின் முக்கியத்துவம் இங்கே விளங்குகிறது. பலவீனமான ஒரு மாநிலச் சட்டத்தின்கீழ் சிறு தண்டனையுடன் வழக்கு முடிந்தால், இப்பிரிவின் கதவும் அந்தச் செயலைப் பொறுத்தவரை மூடிக்கொள்ளும். மேலும், கூட்டரசுப் புலனாய்வு அமைப்பு எல்லாச் சாலையோரத் திருட்டுகளையும் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் நிகழ்விடத்துக்கு வருபவர் உள்ளூர்க் காவலரே. அவர் கையில் உள்ளது மாநிலச் சட்டமே.

புளோரிடா

புளோரிடா மாநிலம் சரக்குத் திருட்டைத் தனது பொதுத் திருட்டுச் சட்டத்துக்குள்ளேயே, 812.014 என்னும் பிரிவில், தனியாகக் குறிப்பிட்டுள்ளது. அனுப்புநரின் ஏற்றுமேடையிலிருந்து பெறுநரின் இறக்குமேடை வரையிலான வணிக ஓட்டத்தில் நுழைந்துவிட்ட சரக்கின் மதிப்பு 50,000 டாலருக்குக் குறைவாக இருந்தால் அதைத் திருடுவது இரண்டாம் நிலைப் பெருங்குற்றம். 50,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் முதல் நிலைப் பெருங்குற்றம்.

இதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். புளோரிடாவில் 5,000 டாலர் மதிப்புள்ள பொருளை ஒரு கடையிலிருந்து திருடுவது பொதுவாக மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். உச்சத் தண்டனை 5 ஆண்டுச் சிறை. அதே 5,000 டாலர் பொருள் சரக்காகப் பயணத்தில் இருக்கும்போது திருடப்பட்டால் அது இரண்டாம் நிலைக்கு உயர்கிறது. உச்சத் தண்டனை 15 ஆண்டுகள். முதல் நிலைக் குற்றத்துக்கு 30 ஆண்டுகள் வரை சிறை உண்டு. பொருள் ஒன்றே, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே குற்றத்தின் எடையை முடிவு செய்கிறது.

திருட்டுக்கான கருவியையும் புளோரிடாச் சட்டம் விட்டுவைக்கவில்லை. இழுவை வண்டியின் பின்புறம் டிரெய்லரைப் பூட்டும் வட்டத் தகட்டுக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்த பெயர் இது. உண்மையில் இது உருளும் சக்கரம் அன்று. திருடும் நோக்கத்துடன் இந்தப் பூட்டமைப்பையோ அதன் திருட்டுத் தடுப்புக் கருவியையோ மாற்றியமைப்பதும், அப்படி மாற்றியதை வைத்திருப்பதும் விற்பதும் அங்கே தனிக் குற்றம். ஒரு பெட்டியைக்கூடத் தொடுவதற்கு முன்பே, ஆயத்த நிலையிலேயே குறுக்கிட இது காவலர்களுக்கு வழி தருகிறது.

ஜார்ஜியா

அட்லாண்டா நகரைச் சுற்றிப் பெரும் கிடங்குகளையும், சவான்னாவில் பெரிய கொள்கலன் துறைமுகத்தையும் கொண்ட ஜார்ஜியா, 2014-இல் சரக்குத் திருட்டைத் தனிக் குற்றமாக்கியது. சரக்கு மட்டுமன்றி, அதை ஏற்றிச் செல்லும் வண்டி, டிரெய்லர், கொள்கலன், அவற்றோடு சேர்ந்த உபகரணங்கள் ஆகியவற்றைக் கைப்பற்றுவதும் இக்குற்றத்தில் அடங்கும்.

இச்சட்டத்தின் சொற்களில் இரண்டு கவனத்துக்குரியவை. முதலாவதாக, சட்டப்படி கைவசம் வைத்திருந்தவர் அதை முறைகேடாகத் தனதாக்கிக்கொண்டாலும் அது சரக்குத் திருட்டே. அதாவது, முறையாக ஏற்றிச் சென்ற ஒருவர் வழியில் மனம் மாறினாலும் குற்றம் பொருந்தும். இரண்டாவதாக, பொருள் எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பது பொருட்டன்று. பூட்டை உடைத்ததா, போலிக் கையொப்பமிட்டதா என்ற வாதத்தில் வழக்கு நழுவிவிடாமல் இருக்க இச்சொற்கள் உதவுகின்றன.

காவல்துறை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும் ‘பொறி டிரெய்லர்’ ஒன்றைத் திருடுவதும் ஜார்ஜியாச் சட்டத்தில் இதே குற்றமாகும். புளோரிடாச் சட்டத்திலும் காவலர் நிறுத்தி வைத்த டிரெய்லரைத் திருடுவது முதல் நிலைப் பெருங்குற்றமாக உள்ளது.

டெக்சாஸ்

டெக்சாஸ் மாநிலம் 2015 செப்டம்பர் 1 முதல், தனது தண்டனைச் சட்டத் தொகுப்பில் 31.18 என்னும் பிரிவை நடைமுறைப்படுத்தி வருகிறது. புறப்பட்ட இடத்துக்கும் இறுதியாகச் சேரும் இடத்துக்கும் இடையில் எங்கே இருந்தாலும் சரக்கு ‘வணிக ஓட்டத்தில்’ இருப்பதாகவே இச்சட்டம் கொள்கிறது. வண்டி மாற்றுவதற்காகவோ வேறு காரணத்துக்காகவோ தற்காலிகமாக நிறுத்தப்பட்டாலும் அந்நிலை மாறாது. நின்றுபோன வண்டியில் இருப்பது சரக்கா, கிடங்குப் பொருளா என்ற பழைய வாதத்துக்கு இதனால் இடமில்லாமல் போயிற்று.

டெக்சாஸ் சட்டத்தின் முதன்மை இலக்கு, எடுத்தவரைவிட அதை வைத்திருப்பவரும் விற்பவருமே. திருட்டுச் சரக்கு என்று அறிந்து அதைப் பெறுதல், வைத்திருத்தல், மறைத்தல், சேமித்தல், பண்டமாற்று செய்தல், விற்றல், கைவிடுதல் ஆகிய செயல்களை நடத்துவதும் அவற்றுக்குத் துணைபுரிவதும் குற்றம். திருட்டுச் சரக்கு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படுவதை வாங்கினாலும் குற்றமே. உண்மையில் அது திருட்டுப் பொருளாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும். மேலே கண்ட கற்பனை நிகழ்வில், டெக்சாஸ் கிடங்குக்காரர்மீது வழக்குத் தொடர அரிசோனாவில் டிரெய்லரை இழுத்துச் சென்றவர் பிடிபடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரக்கின் மொத்த மதிப்பைக் கொண்டு தண்டனை படிப்படியாக உயர்கிறது:

- 1,500 டாலர் முதல் 10,000 டாலருக்குக் கீழ்: மாநிலச் சிறைப் பெருங்குற்றம், 180 நாள்கள் முதல் 2 ஆண்டுகள்
- 10,000 முதல் 1,00,000 டாலருக்குக் கீழ்: மூன்றாம் நிலை, 2 முதல் 10 ஆண்டுகள்
- 1,00,000 முதல் 2,00,000 டாலருக்குக் கீழ்: இரண்டாம் நிலை, 2 முதல் 20 ஆண்டுகள்
- 2,00,000 டாலரும் அதற்கு மேலும்: முதல் நிலை, 5 முதல் 99 ஆண்டுகள் அல்லது ஆயுள் சிறை

டெக்சாஸின் பொதுத் திருட்டுச் சட்டத்தில் மூன்றாம் நிலை 30,000 டாலரில்தான் தொடங்குகிறது. ஆகவே 20,000 டாலர் பொருளைத் திருடினால் பொதுச் சட்டப்படி அதிகமாக 2 ஆண்டுகள். சரக்குத் திருட்டானால் 10 ஆண்டுகள் வரை. அதே குற்ற நிகழ்வில் திருடப்பட்ட அல்லது சேதமடைந்த வண்டியின் மதிப்பும் சரக்கின் மதிப்போடு கூட்டப்படும். பிறரைத் திரட்டியவர், மேற்பார்வை செய்தவர், பணம் கொடுத்தவர், நிர்வகித்தவர் ஆகியோருக்குக் குற்றம் ஒரு படி மேலே ஏற்றப்படும். கும்பலின் தலைவர் வண்டியைத் தொடாமலே இருப்பார் என்பதை உணர்ந்து சேர்க்கப்பட்ட விதி இது.

ஓட்டுநரின் நிலை

டெக்சாஸ் சட்டத்தில் ஓட்டுநருக்கென்றே ஒரு விதி உண்டு. குறிப்பிட்ட இடத்திலிருந்து குறிப்பிட்ட இடத்துக்குச் சரக்கைக் கொண்டுசெல்ல ஒப்பந்தமான ஓட்டுநர், முழுச் சரக்கையும் ஒப்படைக்கத் தவறினாலும், வண்டி அல்லது கொள்கலனின் முத்திரை உடைபடக் காரணமானாலும் குற்றவாளி ஆகலாம். ஆனால் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உள்ளன. அவர் அறிந்தோ வேண்டுமென்றோ அவ்வாறு செய்திருக்க வேண்டும். அத்துடன், திருட்டுச் சரக்கு வணிகத்தை நடத்தும் அல்லது அதற்குத் துணைபோகும் நோக்கமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

இக்கட்டுப்பாடுகள் இல்லையெனில் நிலைமை கொடிதாகிவிடும். தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ முத்திரையை உடைத்த வண்டியின் ஓட்டுநர், முதலில் ஐயத்துக்கு உள்ளாகும் ஆளாக இருக்கிறார். பெட்டிகள் எண்ணிக்கையில் குறைந்தால் அவர் பெயரே முதலில் வரும். நோக்கத்தை மெய்ப்பிக்கும் சுமையை அரசுத் தரப்பின்மீது வைப்பதே நேர்மையான ஓட்டுநருக்கு இச்சட்டம் தரும் காப்பு.

பண இழப்போ வேறு வழியில் செல்கிறது. 1906-இல் இயற்றப்பட்ட கார்மாக் திருத்தத்தின்படி, மாநிலங்களுக்கு இடையே சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனம், தன்மீது தவறு இல்லாவிட்டாலும் பொதுவாக இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். இயற்கைப் பேரிடர், எதிரி நாட்டுப் படையின் செயல் போன்ற சில விலக்குகள் உண்டு. சாலைத் திருடன் அவ்விலக்குகளில் வரமாட்டான். ஒன்றிரண்டு வண்டிகளை மட்டும் வைத்துத் தொழில் செய்யும் ஒருவருக்கு, காப்பீடு முழுமையாக ஈடுசெய்யாத ஒரே ஒரு திருட்டு தொழிலையே முடித்துவிடக்கூடும். திருடனுக்கு 10 ஆண்டுகள் சிறை கிடைத்தாலும் அந்த இழப்பு தானாகத் திரும்பி வருவதில்லை.

கணக்கெடுப்பும் காவல் பிரிவுகளும்

நீண்ட காலமாகச் சரக்குத் திருட்டு எவ்வளவு நடக்கிறது என்பதே தெளிவாகத் தெரியவில்லை. ஓர் ஊரில் வாகனத் திருட்டாகவும், வேறோர் ஊரில் பூட்டுடைத்த திருட்டாகவும், இன்னோர் ஊரில் மோசடியாகவும் அது பதிவாகி வந்தது. 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒரு கூட்டரசுச் சட்டம், நாடு தழுவிய குற்றப் புள்ளிவிவரத்தில் சரக்குத் திருட்டுக்குத் தனி வகை ஏற்படுத்தப் பணித்தது. மாநிலச் சட்டங்கள் குற்றத்துக்குத் தனிப் பெயர் தருவதும் இவ்வகையில் உதவுகிறது. பெயர் இல்லாத குற்றத்தை எண்ணுவது கடினம். எண்ணப்படாத குற்றத்துக்கு ஆளும் பணமும் ஒதுக்கப்படுவது அரிது.

சட்டத்தைச் செயல்படுத்தத் தனிக் காவல் பிரிவுகளும் உள்ளன. புளோரிடாவின் மயாமி-டேட் மாவட்டத்தில் ‘டாம்கேட்ஸ்’ என்னும் கூட்டுப் பிரிவும், கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறையில் சரக்குத் திருட்டுத் தடுப்புத் திட்டமும் செயல்பட்டு வந்துள்ளன. வழிச்சீட்டைப் படிக்கவும், முத்திரை எண்ணைச் சரிபார்க்கவும், டிரெய்லரின் அடையாள எண்ணைக் கண்டறியவும் பழகிய காவலர் இல்லாவிட்டால், எவ்வளவு கடுமையான சட்டமும் ஏட்டிலேயே நின்றுவிடும்.

ஏமாற்றுத் திருட்டும் சட்டத்தின் வரம்பும்

சரக்குத் திருட்டுகளைப் பதிவு செய்யும் கார்கோநெட் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-இல் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,625 நிகழ்வுகள் பதிவாயின. இது முந்தைய ஆண்டைவிட 27 விழுக்காடு கூடுதல். தனிச் சட்டங்கள் இருந்தும் எண்ணிக்கை ஏறுவதற்கு, திருட்டின் வடிவம் மாறியதும் ஒரு முக்கியக் காரணம்.

இன்று சரக்கு ஏற்றும் பணிகள் பெரும்பாலும் தரகர்கள் வழியாகவும் இணைய அறிவிப்புத் தளங்கள் வழியாகவும் ஒப்படைக்கப்படுகின்றன. ஏமாற்றுவோர் ஒரு நேர்மையான போக்குவரத்து நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி, அந்நிறுவனம் போலவே பேசிச் சுமையைப் பெறுகிறார்கள். பின் அதை வேறொரு உண்மையான ஓட்டுநரிடம் கொடுத்து, வேறு முகவரியில் இறக்கச் சொல்கிறார்கள். ஓட்டுநர் தாம் திருட்டில் ஈடுபடுகிறோம் என்பதை அறியமாட்டார். கிடங்குக்காரர் தாமே கதவைத் திறந்து ஏற்றிவிடுகிறார். சரக்கு வந்து சேரவில்லை என்று தெரிய வரும்போது நாள்கள் கடந்திருக்கும்.

இத்தகைய செயலும் மேற்கண்ட சட்டங்களில் அடங்கும். எடுக்கப்பட்ட முறை பொருட்டன்று என்கிறது ஜார்ஜியா. ஏமாற்றிப் பெற்ற இசைவு இசைவாகாது என்பது டெக்சாஸின் பொதுத் திருட்டுச் சட்டம். சிக்கல் சட்டத்தின் சொற்களில் இல்லை. குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பிடிபடுபவர் பல வேளைகளில் ஏமாற்றப்பட்ட ஓட்டுநரே. திட்டமிட்டவரோ வேறு நாட்டிலிருந்துகூடத் தொலைபேசியில் பேசியிருக்கலாம்.

மாநிலங்களின் கை எட்டாத ஒரு பகுதியும் உண்டு. மாநிலங்களுக்கு இடையே இயங்கும் போக்குவரத்து நிறுவனங்களையும் தரகர்களையும் பதிவு செய்வது கூட்டரசின் பொறுப்பு. அந்நிறுவனங்களின் கட்டணம், வழித்தடம், சேவை ஆகியவை குறித்து மாநிலங்கள் சட்டம் இயற்றுவதை 1994-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் பெரிதும் தடுக்கிறது. எனவே போலி நிறுவனம் நுழையும் வாசலைக் காக்கும் பொறுப்பு கூட்டரசிடமும், நுழைந்தபின் தண்டிக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களிடமும் உள்ளது.

மதிப்பீடு

மாநிலச் சட்டங்கள் மூன்று செயல்களைச் செய்துள்ளன. ஓடிக்கொண்டிருக்கும் சரக்குக்குச் சட்டத்தில் ஒரு நிலையான இடம் தந்தன. எடுத்தவரோடு நில்லாமல் வாங்கியவரையும் ஏவியவரையும் பொறுப்பாக்கின. சரக்குத் திருட்டு சிறு குற்றம் என்ற எண்ணத்தை மாற்றின. டிரெய்லரை இழுத்துச் செல்லும் பழைய வகைத் திருட்டுக்கு இவை பொருத்தமான கருவிகள். பதிவு எண்ணைத் திருடும் புதிய வகைக்கு, தண்டனையை உயர்த்துவதைவிட, சுமையை ஒப்படைக்கும் முன் எதிரில் இருப்பவர் யார் என்று உறுதி செய்வதே பயன் தரும். ஏற்றும் மேடையில் ஓட்டுநரின் பெயர், வண்டியின் எண், நிறுவனத்தின் பதிவில் உள்ள தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்க்கும் சில நிமிடங்களே, பின்னர் மூன்று மாநிலங்களின் காவலர்கள் மாதக்கணக்கில் தேட வேண்டிய நிலையைத் தவிர்க்கும்.